பதினைந்து டிகிரி சாய்ந்த பேட்ஜ்

நினைவு வில்லைச் சேகரிப்பாளர் கழகத்தில் ‘பேட்ஜ்’ என்ற சொல்லுக்குத் தடை உண்டு. தலைவர் போட்ட தடை. மிருகக்காட்சிசாலை வாசலிலும் பொருட்காட்சி வாசலிலும் விற்கிற, சட்டையில் ஊசியால் குத்திக்கொள்கிற அந்த வட்டத் தகரத்தை உலகமே பேட்ஜ் என்று சொல்லிக்கொண்டிருக்க, கழகத்தின் முப்பத்தொரு உறுப்பினர்கள் மட்டும் ‘நினைவு வில்லை’ என்று சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வருகிற பதினொரு பேர் அப்படியே சொன்னார்கள். மீதி இருபது பேர் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்குத் தகவல் இல்லை.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாயைத் திறந்தபடி பதில் பேச வழியில்லாமல் கிடந்தவர்களிடமே முப்பத்தைந்து வருடம் பேசிப் பழகியவர். அதனால், எதிரில் இருப்பவருக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு வந்ததே இல்லை. பேட்ஜுகளைப் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியால்தான் பார்ப்பார். பின்பக்கம் துரு பிடித்திருந்தால், “சொத்தை” என்பார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியறையில், உறை போட்டு மூடிய இயந்திரங்களுக்கு நடுவே கழகம் கூடும். அந்தச் சனிக்கிழமை தலைவர் வழக்கத்தைவிட மெதுவாகப் படியேறி வந்தார். கையில் ஒரு நகைப்பெட்டி. அவர் மனைவியின் நெக்லஸ் இருந்த பெட்டி. நெக்லஸ் இப்போது எங்கே என்று கழகத்தில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் கேட்டிருப்பார்கள்.

“நண்பர்களே,” என்றார் தலைவர். “மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலேயே...”

எல்லாரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். தலைவர் குகையில் தொடங்கினால் வெளியே வர நாற்பது நிமிடம் ஆகும். கிளிஞ்சல் கோத்துப் போட்டுக்கொண்ட ஆதிமனிதன், பட்டாபிஷேகத்தன்று பதக்கம் வீசிய ராஜாக்கள் எல்லாரும் வந்து போனார்கள். அவர் ஒரு மணி நேரம் சொன்னதில் விஷயம் இவ்வளவுதான்: யானைத் தந்தம் கட்டுப்படியாகாமல் போன காலத்தில் அதற்கு மாற்றாகச் செல்லுலாய்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் எவரோ ஒரு கெட்டிக்காரர், அச்சடித்த வட்டத் தாளை ஒரு தகர வட்டத்தில் வைத்து, மேலே அந்தச் செல்லுலாய்டைப் போர்த்தி, ஓரத்தைப் பின்னால் மடித்து, ஒரு கம்பியை வளைத்து ஊசியாகச் செருகினார். தேர்தலில் நின்றவர்கள் தங்கள் முகத்தை அதில் ஒட்டிக்கொண்டார்கள். சிகரெட் பெட்டியிலும் மெல்லும் மிட்டாயிலும் இலவசமாகப் போட்டார்கள். பிறகு கண்காட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அருவிக்குப் போனேன், பாலத்தில் நடந்தேன், யானையைப் பார்த்தேன் என்று ஜனங்கள் மார்பில் குத்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். போய்வந்தால் மட்டும் போதாது, போய்வந்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற நமது பழைய வியாதிக்குக் கிடைத்த மலிவான மருந்து அது.

“டாக்டர், டீ ஆறுது,” என்றார் செயலாளர் அம்மா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தலைவர் பேச்சில் குறுக்கிட உரிமை உள்ள ஒரே ஆள். தலைவரின் மருமகன் இந்த அம்மாவிடம் ஆறாம் வகுப்பு படித்தவனாம்.

“ஆறட்டும்மா. வரலாறு சூடா இருக்கு.” தலைவர் நகைப்பெட்டியைத் திறந்தார். “நம்ம ஊர் பார்வைக் கோபுரத்தோட வில்லை உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து. ‘நான் உச்சியைத் தொட்டேன்.’ பத்து லட்சம் அடிச்சிருப்பான். அதுக்கு மதிப்பே இல்ல. ஆனா இது?”

நீல வெல்வெட்டில் அதே கோபுரம், அதே சிவப்பு. எழுத்து மட்டும் வேறு. கையால் எழுதியது.

நான் கீழேயே இருந்தேன்.

அறையில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. தலைவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். கிளப்பியவருக்கு அந்த உரிமை உண்டு.

“உலகத்துல இது ஒண்ணுதான். கோபுரத்து ஆபீஸ்ல பழைய சாமான் ஏலம் விட்டாங்க. ஒடஞ்ச குடை, ஒத்தச் செருப்பு, அதுக்கு நடுவுல கெடந்துது. அதிகாரம் ‘ஏறு’ன்னு சொல்லுது. ஊரே ஏறுது. ஒரு குரல் மட்டும் ‘மாட்டேன், கீழேயே இருக்கேன்’னு சொல்லுது. நண்பர்களே, இது வில்லை இல்ல. ஒரு எதிர்ப்பு இயக்கத்தோட எலும்பு!” பல் டாக்டருக்கு எலும்பைவிட உயர்ந்த சொல் கிடையாது. “பின்னாடி ஊசியைப் பாருங்க. எழுத்துக்கு நேரா இல்ல. சட்டையில குத்தினா ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்கும். தற்செயலா? கிடையாது! நிமிர்ந்து நிக்க மறுக்கற ஒரு மனசோட சாய்வு அது. மில்லிமீட்டர், அளவு சொல்லுங்க.”

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அறுபத்தொரு வயது. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு அளவுகோலும் கோணமானியும் இருக்கும் என்பதால் கழகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். எந்தக் கருத்தும் சொல்ல மாட்டார். அளவு மட்டும் சொல்வார். அதனால் அவரை எல்லாருக்கும் பிடிக்கும், யாருக்கும் தெரியாது.

அவர் பேட்ஜை எடுத்தார். அளந்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

“விட்டம் நாப்பத்தி நாலு. சாய்வு பதினஞ்சு டிகிரி.”

“பதினஞ்சு!” என்றார் தலைவர், ஏதோ பதினைந்துக்கு மட்டும் தத்துவத்தில் தனி இடம் இருப்பதுபோல.

அந்தப் பதினைந்து டிகிரிக்குக் காரணம் மில்லிமீட்டருக்குத் தெரியும். அழுத்தும்போது கை நடுங்கியது. நடுங்கிய கை அவருடையது.

*

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அந்தப் பெயர் இல்லை. கோபுரத்தின் கீழே, லிஃப்டுக்கு வலப்பக்கம், நாலடிக்கு நாலடி மரக்கூண்டில் ஒரு கை பிரஸ்ஸை வைத்துக்கொண்டு பேட்ஜ் அடித்துக் கொடுத்த இருபத்துமூன்று வயதுப் பையன். ‘மிஷின்காரர்’ என்பார்கள். தகர மூடியை அச்சில் வை, வட்டத் தாளை வை, மேலே கண்ணாடித்தாளை வை, கைப்பிடியை இறக்கு. அச்சைத் திருப்பு. ஊசி வைத்த பின்மூடியைப் போடு, மறுபடி இறக்கு. ஒரு பேட்ஜுக்கு இரண்டு அழுத்து. உச்சிக்குப் போய் இறங்கி வருகிறவர்கள் தலைசுற்றலோடு வாங்கிக் குத்திக்கொண்டு போவார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் உச்சியைத் தொட்டார்கள் என்று அடித்துக் கொடுத்தவர் ஒருநாளும் மேலே போனதில்லை. கீழ்த்தள ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. விதியை எழுதியவர் எந்தத் தளத்தில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

எதிரே டிக்கெட் கவுண்டர். கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பெண். அவளும் மேலே போனதில்லை. காலையில் கூண்டின் பலகையை அவர் திறக்கும்போது, வலைக்குள்ளிருந்து அவள் கேட்பாள்:

“இன்னைக்கும் கீழேயேவா?”

“கீழேயேதான்.”

அவ்வளவுதான் பேச்சு. பதினான்கு மாதம், விடுமுறை நாள் நீங்கலாகத் தினமும். இதைக் காதல் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரிந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வேறு பேச நினைத்து, கண்ணாடி முன்னால் நின்று வாக்கியங்கள் தயார் செய்தார். எல்லாமே கூண்டுக்கு வந்ததும் அளவு குறைந்துவிட்டன. கடைசியில், வாயால் வராததைக் கையால் செய்துவிடலாம் என்று ஒரு மதியம் வெள்ளைத் தாளில் கோபுரத்தை வரைந்தார், சிவப்பு மையில் எழுதினார், அடித்தார். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கவுண்டர் பலகையில் வைத்துவிட்டு வந்தார். யார் வைத்தது என்று எழுதவில்லை. ஊரில் பிரஸ் இருப்பது ஒரே கூண்டில், ‘கீழேயே’ என்ற சொல் இருப்பது இரண்டே பேருக்குள். இதற்கு மேல் விலாசம் எதற்கு என்று நினைத்தார்.

மறுநாள் காலை அவள் கேட்டாள்: “இன்னைக்கும் கீழேயேவா?”

அதே குரல். அதே சிரிப்பு. ஒரு மில்லிமீட்டர் கூடுதலோ குறைவோ இல்லை. மார்பில் பேட்ஜ் இல்லை.

ஒன்பது நாள் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார்: மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்கிற நல்ல பெண். பத்தாம் நாள் கூண்டின் சாவியைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எடை அளவுத் துறையில் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்துநான்கு வருடம் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்தார். அவர் நுழைந்தால் கடையில் பேச்சு நின்றுவிடும். அவர் வெளியே போனதும் தொடரும். அப்படி நின்றுபோன பேச்சுகளுக்கு நடுவிலேயே வயது ஏறியது. அக்கா பத்து வருடம் பெண் பார்த்தாள்.

“உன் தராசுல எந்தப் பொண்ணுடா நிப்பா? போடா, எனக்குக் கால் வலிக்குது,” என்று ஒருநாள் விட்டுவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறார். சலவைக்கடை மாடியில் இரண்டு அறை. சுவரெல்லாம் பேட்ஜ். யாரோ எங்கேயோ போய்வந்ததற்கான சாட்சிகள். இவர் அதில் ஓரிடத்துக்கும் போனதில்லை.

அந்தப் பேட்ஜை அவள் என்ன செய்தாள் என்று இத்தனை வருடம் அவர் யோசித்திருக்கிறார். குப்பையில் போட்டிருப்பாள் என்று சில வருடம். ஏதோ ஒரு பெட்டியின் அடியில் வைத்திருப்பாள் என்று, மழை நாட்களில், சில வருடம். இப்போது அது ஒடிந்த குடைகளோடு ஏலத்துக்கு வந்திருக்கிறது. எப்படி?

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “நம்ம வில்லைகளோட அட்டவணைப் புத்தகம் அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது. இது முதல் பக்கம். ஆனா பூர்வீகம் வேணும். கோபுரத்து ஆபீஸ்ல பதிவேடு இருக்காம். யாராவது போய்ப் பாத்துட்டு வரணும்.”

கழகத்தில் ‘யாராவது’ என்றால் எல்லாரும் ஷூ கயிற்றைப் பார்ப்பார்கள்.

“நான் போறேன்,” என்றார் மில்லிமீட்டர்.

எண் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்பதால், செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

*

தொலைந்த பொருள் பிரிவு கோபுரத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூன்று மூக்குக்கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“கெடு முடிஞ்ச கண்ணாடிங்க சார். யாரும் கேட்டு வரல. பதிவேடு படிக்க ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு, மேலதிகாரி வந்தா போட்டுக்க ஒண்ணு. நீங்க எதத் தொலச்சீங்க?”

“ஒண்ணும் தொலைக்கல. ஒரு பேட்ஜ் பத்தி விசாரிக்கணும்.” வருடத்தைச் சொன்னார். மாதத்தைச் சொன்னார். தேதியையும் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தார்.

“தேதி வரைக்கும் தெரிஞ்சு வர்றவர் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு என்ன தொலச்சோம்னே தெரியாது.” அலமாரியிலிருந்து ஒரு நீளப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். “நல்ல வேளை வந்தீங்க. அடுத்த மாசம் இந்த ரூமைக் காலி பண்ணி, செல்ஃபி எடுக்கற இடமா ஆக்கப் போறாங்களாம். புஸ்தகமெல்லாம் எடைக்குத்தான் போகும். இருங்க... இந்தாங்க.”

வரிசை வரிசையாகக் கட்டம். பொருள், கிடைத்த இடம், ஒப்படைத்தவர், குறிப்பு, பெற்றுக்கொண்டவர்.

அவர் அந்தக் கையெழுத்தை முன்பு பார்த்ததில்லை. பதினான்கு மாதத்தில் அவள் எழுதி எதையும் அவர் பார்க்க நேர்ந்ததில்லை. ஆனாலும் அது அவளுடையது என்று கட்டத்திலேயே இருந்தது. ஒப்படைத்தவர்: டிக்கெட் கவுண்டர். பொருள்: பேட்ஜ், ஒன்று. கிடைத்த இடம்: கவுண்டர் பலகை. குறிப்பு: யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது. கேட்டு வந்தால் கொடுக்கவும்.

அதன் கீழே, வேறு மையில், ஒரு வாரம் தள்ளித் தேதியிட்டு: இன்னும் யாரும் வரவில்லை.

அதற்கும் கீழே, இடம் போதாமல் கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறிய எழுத்து: செய்தவர் வந்தால் எனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லவும். ரொம்பப் பிடித்திருக்கிறது.

அந்த வரியின் தேதியைப் பார்த்தார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நாளுக்கு மறுநாள்.

பெற்றுக்கொண்டவர் என்ற கட்டம் காலி.

“கெடச்சுதா சார்?”

“ம்.”

“உக்காருங்க. தண்ணி வேணுமா?”

வேண்டாம் என்று தலையை அசைத்தார். முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களின் தராசில் பிழை கண்டுபிடித்தவருக்கு, தன்னுடையதில் எந்த இடத்தில் முள் ஒட்டிக்கொண்டது என்று பார்க்க ஒரு நிமிடம் பிடித்தது. அவள் மறுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்ததாகவே அவளுக்குத் தெரியாது.

“இவங்க...” கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?”

அம்மையார் தூரக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டக் கண்ணாடியைப் போட்டார். “அட, டிக்கெட் கவுண்டர் அம்மாவா! நல்லாத் தெரியுமே. முன்னல்லாம் வீட்டுக்காரரோட வருவாங்க, இந்த வருஷம் தனியா வந்து உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. குடும்ப பென்ஷன். லிஃப்ட் ஆபரேட்டர் சம்சாரம்.”

“லிஃப்ட் ஆபரேட்டரா?”

“ஆமா, தொப்பிக்காரர். போன வருஷம்தான் போய்ச் சேந்தார், பாவம். நம்பர் வேணுமா? கழகத்து வேலைன்னா குடுக்கலாம், தப்பில்ல.”

*

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேசினார். பதினான்கு மாதம் வாக்கியம் தயார் செய்த பழக்கத்தில் இந்த முறையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். மணி ஒலித்து அந்தக் குரல் “சொல்லுங்க” என்றதும் தாளில் இருந்தது தெரியவில்லை. குரல் கனத்திருந்தது. ஆனால் கேள்வி கேட்கிற சாய்வு அப்படியே இருந்தது.

“நினைவு வில்... பேட்ஜ் சேகரிக்கற கழகத்துலேர்ந்து பேசறேன். புத்தகம் ஒண்ணு போடறோம். டவர்ல நீங்க வேலை பாத்தப்ப ஒரு பேட்ஜ் கெடச்சு, பதிவேட்டுல எழுதியிருக்கீங்க.”

“‘கீழேயே இருந்தேன்’ பேட்ஜா?” அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. “ஐயோ, அது இன்னும் இருக்கா? எங்க கல்யாணமே அதுலதாங்க ஆரம்பிச்சுது!”

மில்லிமீட்டர் நாற்காலியைத் தேடினார்.

“அது அவர் செஞ்சது. எங்க வீட்டுக்காரர். கவுண்டர்ல வெச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி போயிட்டார். நான் யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சு, ஒப்படைச்சுட்டேன். அப்புறம் மண்டையக் கொடஞ்சுகிட்டே இருந்தேன், யாரா இருக்கும்னு. பேட்ஜு கோணலா இருந்துச்சுல்ல? அவர் தொப்பியும் அதே மாதிரி கோணலாத்தான் வெச்சிருப்பார். பிடிச்சுட்டேன்ல! நேராப் போய், நீங்கதானன்னு கேட்டேன். சிரிச்சார். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அந்தச் சிரிப்பு போதாதா?”

“போதும்,” என்றார் மில்லிமீட்டர்.

“பாருங்க, தினம் நாப்பது தடவ மேல போறவர். அவர் போய், கீழேயே இருந்தேன்னு எழுதறார். என்னங்க இதுன்னு கேட்டேன். ஒடம்புதான் மேல போகுது, மனசு உன் கவுண்டர்லயே கெடக்குதுன்னு சொன்னார். அதுக்கு மேல ஒரு பொண்ணு என்னங்க செய்வா?”

அந்த வரியை எழுதியபோது மில்லிமீட்டர் நினைத்தது, நானும் மேலே போனதில்லை, நீயும் போனதில்லை என்ற அளவுக்குத்தான். ஒரு கீழ்த்தள ஊழியன் எழுதக்கூடிய கீழ்த்தள வாக்கியம். எழுதாதவன் அதற்குச் சொன்ன பொருள் நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“பதிவேட்டுல... பெற்றுக்கொண்டவர்னு அவர் கையெழுத்துப் போடலையே?”

“எத்தனையோ தடவ சொன்னேன், வாங்கிட்டு வாங்கன்னு. கூச்சம்! இன்னொண்ணாவது செஞ்சு தாங்கன்னேன். மிஷின்காரர் வேலைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிட்டார். அங்க ஒருத்தர் மிஷின் வெச்சிருந்தார். யார் கேட்டாலும் அடிச்சுக் குடுப்பார். அவர்கிட்ட குடுத்துத்தான் அடிச்சிருக்கணும்.”

“அந்த மிஷின்காரரே... செஞ்சிருக்க மாட்டாரா?”

“அவரா?” யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது அவருக்குக் கேட்டது. “அவர் பாவம், ரொம்ப அமைதி. நான் எல்லார்கிட்டயும் காலையில, ‘இன்னைக்கும் கீழேயேவா’ன்னு கேப்பேன். காவலாளி, பெருக்கறவர், தண்ணி கொண்டு வர்றவர் எல்லார்கிட்டயும். ஆளாளுக்கு ஏதாவது கிண்டல் பண்ணுவாங்க. மிஷின்காரர் மட்டும் பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்ற மாதிரி, ‘கீழேயேதான்’னுட்டுப் போவார். அவருக்கு இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் வராதுங்க. மூஞ்சிகூட ஞாபகம் இல்ல.”

தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்ந்து, நகர்ந்து, நின்றது.

“கேக்குதா?”

“கேக்குது.”

“புத்தகத்துல வருமா சார் இது? அவர் பேரப் போடுவீங்களா? பேரப்பசங்களுக்கு இந்தக் கதையச் சொன்னா, சும்மா அளக்கறீங்க பாட்டின்னு சிரிக்குதுங்க. அச்சுல இருந்தா நம்பும்.”

“செய்தவர் பேருன்னு ஒரு எடம் இருக்கு.”

“அது போதும். நீங்க அப்ப டவருக்கு வந்திருக்கீங்களா?”

“வந்திருக்கேன்.”

“மேல ஏறிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

மறுபடி அந்தச் சிரிப்பு. “அப்ப அந்த பேட்ஜ் உங்களுக்குத்தான் சார் சரியாப் பொருந்தும்.”

*

அட்டவணைப் படிவத்தில் ஒன்பது கட்டங்கள். எட்டை அன்று மதியமே நிரப்பிவிட்டார். ‘தயாரித்தவர்’ என்ற கட்டம் மட்டும் மூன்று நாள் காலியாகக் கிடந்தது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோது கையில் இருந்தது.

“சாப்பிட்டியாடா?”

“அக்கா, ஒருத்தன் எடைக்கல்ல மாத்தி வெச்சு, அது தெரியாமலே ஒரு குடும்பம் முப்பத்தேழு வருஷம் நல்லாச் சாப்ட்டுச்சுன்னா, அது குத்தமா?”

“ஒனக்கு வேலைய விட்டும் வேலை போகல. சாப்பிட்டியா இல்லியா?”

“சாப்ட்டேன்.”

நூறு கிராமில் ஒரு கிராம் குறைந்தாலும் முத்திரை வைக்க மறுத்தவர். ஒரு கடைக்காரர் மகள் கல்யாணம் நாளைக்கு என்று காலில் விழுந்தபோதும் மறுத்தவர். மகள் கல்யாணம் நடந்தது, கடைதான் பத்து நாள் மூடியிருந்தது. அதே ஆள் இப்போது ஒரு பெயரை எழுதலாமா என்று பென்சிலைச் சீவினார். எழுதினால் அவர் வாழ்க்கையில் தானாகச் செய்த ஒரே காரியம் இன்னொருவர் கணக்கில் போகும். எழுதாவிட்டால், போன வருடம் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் போய், உன் கல்யாணத்தின் முதல் வரி எடை குறைவு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கு இவர் முகம் ஞாபகம் வருமா? வராது. தொப்பிக்காரரின் சிரிப்புதான் கெடும்.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. மறுபடி பென்சிலாலேயே எழுதினார்.

அடுத்த கூட்டத்துச் சனிக்கிழமை தலைவர் படிவத்தைப் பல் கண்ணாடியால் படித்தார். முகம் மெல்லத் தொங்கியது.

“லிஃப்ட்காரனா?”

“லிஃப்ட் ஆபரேட்டர்.”

“எதிர்ப்பு இயக்கம் எதுவும்...?”

“இல்ல.”

“இதுக்கு ஆதாரம்?”

“அவர் மனைவிகிட்ட பேசினேன்.”

“நம்பலாமா?”

மற்ற பத்துப் பேரும் அவரைப் பார்த்தார்கள். கழகத்தில் அவர் சொன்ன எந்த அளவையும் யாரும் இதுவரை மறுபடி அளந்து பார்த்ததில்லை.

“நம்பலாம்,” என்றார்.

தலைவர் படிவத்தை மடியில் வைத்தார். பிறகு, வீழ்ந்த மனிதர் எழுவதுபோல் அல்ல, வீழவே இல்லாதவர்போல நிமிர்ந்தார். “நண்பர்களே, இது இன்னும் ஆழமா இருக்கு! தினம் உச்சிக்குப் போறவனே கீழேயே இருந்தேன்னு சொல்றான். அப்ப இது எதிர்ப்பு இல்ல. துறவு! உச்சியில நின்னுகிட்டே உச்சியத் துறந்த ஒரு மனசு. மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலேயே...”

“டாக்டர், அவர் கவுண்டர்ல இருந்த பொண்ணுக்குக் குடுத்திருக்கார். அதுக்குப் பேரு துறவு இல்ல,” என்றார் செயலாளர் அம்மா.

“அம்மா, உணர்ச்சிக்கெல்லாம் அட்டவணையில கட்டம் கிடையாது.”

“சார், அந்தப் பதிவேட்டுல வேற ஏதாவது எழுதியிருந்துதா?” செயலாளர் அம்மா மில்லிமீட்டரிடம் திரும்பிக் கேட்டார். மற்றவர்கள் அதற்குள் டீயை நோக்கி எழுந்துவிட்டிருந்தார்கள்.

ஓரத்தில் ஏறிய அந்த வரியை அவர் நினைத்தார். இந்த மாதம் அந்தப் புத்தகம் எடைக்குப் போய்விடும்.

“வேற ஒண்ணும் இல்லம்மா.”

செயலாளர் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கோப்பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

தலைவர் படிவத்தை மேஜையில் தள்ளினார். “பென்சில்ல எழுதியிருக்கீங்களே, மில்லிமீட்டர். அச்சுக்காரன் ஒத்துக்க மாட்டான். இந்தாங்க.”

அவர் தலைவரின் பேனாவை வாங்கி, பென்சில் எழுத்தின் மேலேயே அந்த மனிதரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக மறுபடி எழுதினார். கீழே சரிபார்த்தவர் என்று ஓர் இடம் இருந்தது. அதில் தன் கையெழுத்தைப் போட்டார். மை காய்வதற்குள் தலைவர் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.